செலொப்பியாத்தின் பெயர்



எபிரேய வேதத்தை, அதாவது கிறிஸ்தவர் பழைய ஏற்பாடு என வழங்கும் நூற்றொகுதியை, முதன்முறையாக வாசிக்கத் தொடங்குவோர் ஓரிடத்திற் களைத்துப்போவதுண்டு. கதை கதையாகச் சென்றுகொண்டிருந்த நூல் திடீரெனப் பெயர் வரிசையாக மாறிவிடும். இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் வழியில் வந்தோர் இன்ன குடும்பத்தார், அவர்களில் எண்ணப்பட்டோர் இத்துணைப் பேர் என்று பக்கம் பக்கமாகச் செல்லும். வாசிப்போர் அப்பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த கதைக்குத் தாவுவர். அவ்வாறு நாம் புரட்டிவிட்டுப் போகும் பக்கமொன்றில் இன்று சற்றே நின்று, அங்குள்ள ஒரு பெயரைப் பற்றிச் சிந்திப்போம்.

செலொப்பியாத் என்பது அப்பெயர். இவன் போர் புரிந்தானென்றோ, தீர்க்கதரிசனம் உரைத்தானென்றோ, அரசனுக்கு ஆலோசனை கூறினானென்றோ வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவன் வாய்திறந்து பேசியதாகவும் எங்கும் எழுதப்படவில்லை. அவனைப்பற்றி நாம் அறிவன மூன்றே. அவன் மனாசே கோத்திரத்தைச் சேர்ந்தவன், வனாந்தரத்தில் இறந்தான், அவனுக்குப் புதல்வர் இல்லை, புதல்வியர் ஐவர் இருந்தனர். இத்துணை எளிய மனிதனின் பெயர் எண்ணாகமத்தின் மூன்று அதிகாரங்களிலும், யோசுவாவின் நூலிலும், நாளாகமத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றது. அதன் காரணத்தை ஆராய்ந்தால், அக்காலத்து இஸ்ரவேலர் வமிசாவளி என்பதை எதற்காகப் பேணினர் என்பதும் புலனாகும்.

முதலில் அவனுடைய மரபைக் கூறுவோம். எகிப்திலே அதிபதியாக விளங்கிய யோசேப்புக்கு மனாசே, எப்பிராயீம் என இரு புதல்வர். மனாசேயின் மகன் மாகீர். மாகீரின் மகன் கீலேயாத். கீலேயாத்தின் மக்களாக அறுவர் எண்ணாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரத்திற் கூறப்படுகின்றனர். அவர் ஈயேசேர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமிதா, ஏப்பேர் என்போர். ஈயேசேரை யோசுவாவின் நூல் அபியேசர் என அழைக்கும். இவர்களுள் ஏப்பேரின் மகனே நம் செலொப்பியாத். அவனுடைய புதல்வியர் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐவர்.

இவ்வரிசை எவ்விடத்தில் வருகின்றது என்பது கவனிக்கத்தக்கது. எகிப்திலிருந்து புறப்பட்ட மக்கள் நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் அலைந்து, எரிகோவுக்கு எதிரே, யோர்தான் நதியின் அக்கரையிலுள்ள மோவாபின் சமவெளியில் வந்து பாளயமிறங்கியிருக்கின்றனர். அங்கே ஒரு தொகைமதிப்பு நடைபெறுகின்றது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆகிய, போருக்குச் செல்லத்தக்க ஆடவர் மட்டுமே எண்ணப்படுகின்றனர். மனாசே கோத்திரத்தார் 52,700 பேர் என அங்கே கணக்குக் கூறப்படுகின்றது. அத்தொகைமதிப்பின் நோக்கம் இரண்டு. ஒன்று போர்; மற்றது காணிப் பங்கீடு. நதியைக் கடந்தபின் எண்ணிக்கை மிக்க குடும்பத்துக்கு மிக்க நிலமும், எண்ணிக்கை குறைந்த குடும்பத்துக்குக் குறைந்த நிலமும் சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுக்கப்படவேண்டும் என்பது கட்டளை.

ஆகவே அந்தப் பெயர் வரிசையைப் பழங்கதையாகக் கொள்ளுதல் பொருந்தாது. நம் நாட்டிலே போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் காணிகளையும் அவற்றுக்குரியோரையும் ஊர் ஊராகப் பதிந்துவைத்த ஏட்டைத் தோம்பு என வழங்கினர். தோம்பிற் பெயரிருந்தாற் காணியுண்டு. பெயரில்லையேல் வழக்கு எழும். எண்ணாகமத்தின் வமிசாவளியும் அத்தகையதொரு தோம்பே. அதில் ஒருவனுடைய பெயர் இருப்பது அவன் சந்ததிக்கு நிலமிருக்கும் என்பதற்குச் சான்று. பெயர் விடுபட்டால் நிலமும் விடுபடும்.

இந்த நிலையிலேதான் செலொப்பியாத்தின் குடும்பத்துக்கு இடர் வந்தது. எண்ணப்படுவோர் ஆடவர், பங்கு பெறுவோரும் ஆடவர். செலொப்பியாத் இறந்துவிட்டான், ஆண்மகவும் இல்லை. ஆகவே பங்கீடு நடைபெறும் நாளில் அவனுக்கென ஒரு பங்கு இராது. பங்கில்லாதபோது காலப்போக்கில் அவனுடைய பெயரும் வழங்காது ஒழியும். ஏப்பேரின் கிளையே அற்றுப்போகும்.

ஐந்து சகோதரிகளும் இதனை உணர்ந்தனர். உணர்ந்து, வீட்டிலிருந்து அழுதுகொண்டிராமல் சபைக்கு வந்தனர். எண்ணாகமத்தின் இருபத்தேழாம் அதிகாரம் அக்காட்சியைச் சுருக்கமாகக் கூறுகின்றது. ஆசரிப்புக் கூடாரத்தின் வாயிலிலே மோசேயும், ஆசாரியனாகிய எலெயாசாரும், பிரபுக்களும், சபையார் அனைவரும் கூடியிருக்க, இவ்வைவரும் அவர்கள் முன்னிலையில் நின்று தம் வழக்கை எடுத்துரைத்தனர்.

அவ்வழக்குரையின் அமைப்பைச் சிறிது பாருங்கள். தந்தை வனாந்தரத்தில் மரித்தார் என்று தொடங்குகின்றனர். அடுத்து, அவர் கோராகின் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்கின்றனர். கோராகு என்பான் மோசேக்கு எதிராகக் கலகம் விளைத்தவன். கலகக்காரனுடைய சந்ததிக்கு உரிமை மறுக்கப்படலாம் என்னும் எதிர்வாதத்தை அவர்கள் முன்னதாகவே தடுத்துவிடுகின்றனர். தந்தை தம்முடைய பாவத்திலே மரித்தார் என்று கூறுகின்றனர். அதாவது ஏனைய மானிடரைப் போலவே குறைபாடுடையவராய் மரித்தார், தனிப்பட்ட துரோகம் எதுவும் செய்திலர் என்பது கருத்து. அவருக்கு ஆண்மக்கள் இல்லை என்பதையும் மறையாது கூறுகின்றனர். இவ்வளவும் கூறியபின்னரே வினாவை எழுப்புகின்றனர். புதல்வன் இல்லாத காரணத்தால் எங்கள் தந்தையின் பெயர் அவருடைய வமிசத்திலிருந்து அற்றுப்போவது ஏன் என்பதே அவ்வினா. முடிவில், தந்தையின் சகோதரர்க்குள்ளே தங்களுக்கும் காணி தரவேண்டும் எனக் கேட்கின்றனர்.

தங்களுக்கு உணவில்லை, உறைவிடமில்லை, ஆதரவில்லை என்று அவர்கள் இரந்து கேட்கவில்லை. தந்தையின் பெயரை முன்வைத்தே வாதாடுகின்றனர். ஆண்வழி மரபையே அடிப்படையாகக் கொண்ட ஒரு சமுதாயத்தில், அந்த மரபின் நோக்கத்தையே தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டினர். பெயர் நிலைக்கவேண்டும் என்பதுதானே உங்கள் சட்டத்தின் நோக்கம்? அந்நோக்கம் இங்கே உங்கள் சட்டத்தினாலேயே கெடுகின்றதே! இதுவே அவர்களுடைய வாதத்தின் உட்பொருள்.

மோசே உடனே தீர்ப்புக் கூறவில்லை. வழக்கைக் கடவுளின் சந்நிதிக்குக் கொண்டுசென்றார். மோசே தாமே தீர்க்காது இவ்வாறு மேலே கொண்டுசென்ற வழக்குகள் நான்கு என்று யூதமரபினர் எண்ணுவர். இது அவற்றுள் ஒன்று. கிடைத்த மறுமொழி, செலொப்பியாத்தின் புதல்வியர் கூறியது நியாயம் என்பதாம். அத்துடன் அவ்வழக்கு நிற்கவில்லை. அதிலிருந்து ஒரு பொதுச் சட்டமும் பிறந்தது. ஒருவன் புதல்வனின்றி இறப்பின் அவனுடைய சொத்து புதல்விக்குச் சேரும். புதல்வியும் இல்லையேல் சகோதரர்க்கு. அவரும் இல்லையேல் தந்தையின் சகோதரர்க்கு. எவருமில்லையேல் குடும்பத்திலே கிட்டிய உறவினனுக்கு. தன் வாழ்நாளில் ஒன்றும் செய்ததாக அறியப்படாத ஒருவனுடைய பெயரால் ஒரு வாரிசுரிமைச் சட்டம் எழுந்தது.

புதல்வன் இல்லாத வீட்டிற் புதல்வி வாரிசாவது அக்காலக் கீழைத்தேயங்களில் முற்றிலும் கேள்விப்படாத செய்தியன்று. கி.மு. 2100 அளவில், மெசொப்பொத்தாமியாவின் தென்பகுதியிலே லகாசு நகரை ஆண்ட குதேயா என்னும் மன்னன், புதல்வனில்லாத வீட்டில் அவ்வீட்டின் புதல்வியை வாரிசாக்கியதாகத் தன் சிலையொன்றிற் பொறித்து வைத்துள்ளான். கிரேக்க நாட்டு அதேன்ஸ் நகரிலோ, சகோதரனில்லாத பெண் தந்தையின் சொத்தைத் தனக்கெனப் பெறுவதில்லை. அவளைத் தந்தைவழியிற் கிட்டிய ஆண் உறவினன் மணக்க உரிமை கோரலாம். சொத்து அவளுக்குப் பிறக்கும் மகனைச் சென்றடையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக இஸ்ரவேலரின் ஏற்பாடு அமைந்தது.

இடைப்பட்டது என்று கூறுவதற்குக் காரணம், கதை அங்கே முடியாமையே. எண்ணாகமத்தின் இறுதி அதிகாரமாகிய முப்பத்தாறாம் அதிகாரத்தில், கீலேயாத் குடும்பத்துத் தலைவர்கள் மோசேயிடம் ஒரு மறுப்போடு வருகின்றனர். இப்பெண்கள் வேறு கோத்திரத்தாரை மணந்தால், எங்கள் கோத்திரத்துக் காணி அந்தக் கோத்திரத்துக்குப் போய்விடுமே என்பது அவர்களுடைய முறையீடு. ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டில் விற்ற காணிகள் பழைய உரிமையாளரிடம் மீளும் என்பது அவர்களுடைய முறை. எனினும் திருமணத்தாற் சென்ற காணி அவ்வாறு மீளாது. யூபிலி வருங்காலத்தும் கணவருடைய கோத்திரத்திலேயே நிலைத்துவிடும். முறையீட்டிலும் நியாயமுண்டு என்று தீர்ப்பாயிற்று. அப்பெண்கள் தம் மனத்துக்கு உகந்தவரை மணக்கலாம். ஆயினும் தந்தையின் கோத்திரத்துக்குள்ளேயே மணக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஐவரும் தம் தந்தையின் சகோதரர் மக்களை மணந்தனர் என அதிகாரம் முடிகின்றது.

முதுசொம் அயலாரிடம் போகாதிருக்கச் சொந்தத்துக்குள்ளே கலியாணம் பேசும் வழக்கத்தை நம் நேயர்கள் நன்கறிவர். ஒரு கையாற் கொடுத்த உரிமையை மறுகையால் வரையறுத்ததுபோலவே இத்தீர்ப்பு அமைந்தது. பெண்ணுக்குக் காணி கிடைத்தது. ஆனால் காணியின் நன்மைக்காக அவளுடைய விருப்பம் ஓர் எல்லைக்குள் நிறுத்தப்பட்டது. புதல்வன் இருக்கும் வீட்டிற் புதல்விக்கு இச்சட்டம் பங்கெதுவும் விதிக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஐவர் பெற்ற வெற்றி பெரிது, முழுமையான வெற்றியன்று.

மோவாபின் சமவெளியிற் கிடைத்தது வாக்குறுதி மட்டுமே. நதியைக் கடந்து நிலம் பங்கிடப்படுங் காலம் வந்தபோது மோசே உயிரோடில்லை. அவருக்குப்பின் தலைவராகிய யோசுவாவிடமும் எலெயாசாரிடமும் அச்சகோதரிகள் மறுபடியுஞ் சென்று, தங்களுக்குப் பங்கு கொடுக்கும்படி முன்னமே கட்டளை பிறந்ததை நினைவூட்டவேண்டியிருந்தது. இதனை யோசுவாவின் நூல் பதினேழாம் அதிகாரங் கூறும். தீர்ப்புப் பெற்றவரும் அதை நிறைவேற்றிக்கொள்வதற்கு மீண்டும் வாசலில் நிற்கவேண்டியிருப்பது எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொதுவான செய்திபோலும்.

அவ்வதிகாரத்தில் ஒரு சிறிய கணக்கு வருகின்றது. யோர்தானுக்கு மேற்கே மனாசேக்குப் பத்துப் பங்குகள் விழுந்தன. கீலேயாத்தின் மக்கள் அறுவர் எனக் கண்டோம். அவருள் ஏப்பேர் ஒழிந்த ஐவர்க்கும் ஐந்து பங்கு. ஏப்பேரின் இடத்தில் அவனுடைய பேர்த்திகள் ஐவர்க்கும் ஐந்து பங்கு. ஆகப் பத்து. பாட்டனுடைய பெயரும் தந்தையினுடைய பெயரும் பங்குக் கணக்கிலிருந்து விலகி, பெண்கள் ஐவரின் பெயர்களே அங்கு எஞ்சின.

இதுவரை கூறியவை ஏட்டிலுள்ளவை. இனி, மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்றைக் காண்போம்.

இஸ்ரவேலரின் வடநாட்டு இராச்சியத்துக்குத் தலைநகராயிருந்தது சமாரியா. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உம்ரி என்னும் அரசன் அம்மலையை விலைக்கு வாங்கி நகரமைத்தான் என்று இராஜாக்களின் நூல் கூறும். அந்நகரின் இடிபாடுகளை அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் 1908 ஆம் ஆண்டு முதல் 1910 ஆம் ஆண்டு வரை அகழ்ந்தாய்ந்தனர். அப்பணிக்குத் தலைமை தாங்கியவருள் முதன்மையானவர் ஜோர்ஜ் றைஸ்னர் என்னும் அறிஞர். 1910 ஆம் ஆண்டில், அரண்மனையை அடுத்திருந்த ஒரு கட்டடத்தின் நிலத்தில், உடைந்த மட்பாண்ட ஓடுகள் பல கிடைத்தன. அவற்றின்மேல் மையினாற் பழைய எபிரேய எழுத்துக்கள் எழுதப்பட்டிருந்தன. வாசிக்கத்தக்க நிலையில் அறுபதுக்கும் மேற்பட்ட ஓடுகள் இருந்தன. பாலஸ்தீனம் அக்காலத்தில் உதுமானியத் துருக்கியரின் ஆட்சியில் இருந்தமையால் அவை இஸ்தான்புல் நகரத்துத் தொல்பொருள் நூதனசாலையைச் சென்றடைந்தன.

அவ்வோடுகளில் எழுதப்பட்டவை காவியமுமல்ல, பிரார்த்தனையுமல்ல, வெறுங் கணக்குகள். இன்ன ஆண்டு, இன்ன இடத்திலிருந்து, இன்னாருக்கு, பழைய திராட்சரசம் ஒரு சாடி. அல்லது தூய்மையாக்கப்பட்ட ஒலிவ எண்ணெய் ஒரு சாடி. இவ்வாறே அவை செல்லும். அரசனுடைய பெயர் குறிக்கப்படவில்லை. ஒன்பதாம், பத்தாம், பதினைந்தாம் ஆட்சியாண்டுகள் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன. எழுத்தின் வடிவம் முதலியவற்றைக்கொண்டு அவை கி.மு. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை, அதாவது யோவாஸ் அல்லது இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தவை, என அறிஞர் பெரும்பாலுங் கொள்வர். அவை அரசிறைக் கணக்கோ, அரண்மனையிலிருந்த பெருங்குடியினருக்கு அவரவர் காணியிலிருந்து வந்த விளைவின் கணக்கோ என்பதுபற்றி இருவேறு கருத்துக்கள் உள.

நாம் கவனிக்கவேண்டியது இடப்பெயர்களை. அவ்வோடுகளிலே சில ஊர்கள் தனித்துக் கூறப்படுகின்றன. வேறு சில ஊர்கள் தாம் அடங்கும் பகுதியின் பெயரோடு சேர்த்துக் கூறப்படுகின்றன. அப்பகுதிகள் ஏழு. அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமிதா என்பன ஐந்து. இவ்வைந்தும் கீலேயாத்தின் மக்களாக நாம் முன்னர்க் கேட்ட பெயர்களே. எஞ்சிய இரண்டும் எவை? நோவாள், ஒக்லாள் என்பனவே அவை. செலொப்பியாத்தின் புதல்வியர் இருவரின் பெயர்கள்!

எண்ணிப் பாருங்கள். மனாசேயின் மக்கள் அம்மலைநாட்டிற் குடியேறிய காலத்துக்கும் இவ்வோடுகள் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இருக்கலாம். அரசனின் கணக்கன் ஒருவன், திராட்சரசச் சாடிகளையும் எண்ணெய்ச் சாடிகளையும் கணக்கெழுதும் தன் அன்றாட வேலையில், நோவாளிலிருந்து என்றும், ஒக்லாளிலிருந்து என்றும் எழுதிச் செல்கின்றான். அவனுக்கு அவை அலுவலகத்தில் வழங்கும் பகுதிப் பெயர்கள். வேத நூலின் வமிசாவளியிலோ அவை இரு சகோதரிகளின் பெயர்கள். ஏப்பேர் என்னும் பெயர் ஓடுகளில் இல்லை. செலொப்பியாத் என்னும் பெயரும் இல்லை. யோசுவாவின் நூலிற் கண்ட பங்குக் கணக்கு எவ்வாறிருந்ததோ, ஓடுகளின் கணக்கும் அவ்வாறே உள்ளது. பத்துப் பங்குகளுள் ஏழு அந்த ஓடுகளில் உள்ளன.

ஏனைய புதல்வியருள் திர்சாள் என்பவளின் பெயர் இதனினும் புகழ்வாய்ந்தது. திர்சா என்பது சமாரியாவுக்கு முன்னர் வடநாட்டு அரசர் வீற்றிருந்த நகரத்தின் பெயர். உம்ரியும் தன் ஆட்சியின் முதல் ஆறு ஆண்டுகளை அங்கேயே கழித்தான். உன்னதப்பாட்டின் தலைவன் தன் காதலியின் அழகுக்கு உவமையாக எடுத்துக்கொண்ட நகரமும் அதுவே. நாப்லூசு நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தெல் எல் பாரா என்னும் மேடே பழைய திர்சா என அறிஞர் பெரும்பாலார் கருதுவர். அம்மேட்டை 1946 ஆம் ஆண்டு முதல் 1960 ஆம் ஆண்டு வரை றோலான் தெ வோ என்னும் தொமினிக்கத் துறவி அகழ்ந்தாய்ந்தார். யோசுவா வென்ற கானானிய அரசரின் வரிசையிலே திர்சாவின் அரசனும் ஏப்பேரின் அரசனும் இடம்பெறுகின்றனர். சாலொமோனின் ஆட்சிப் பிரிவுகளைக் கூறுமிடத்திலும் ஏப்பேர் நாடு என்னுந் தொடர் வருகின்றது.

இங்கே நேயர்களுக்கு ஐயம் எழலாம். பாட்டன் பெயரும் ஊர்ப்பெயர், பேர்த்தி பெயரும் ஊர்ப்பெயர் என்றால், இவர்கள் உண்மையில் மனிதரா, ஊர்களா? இதற்கு விடை காண்பதற்கு எபிரேய மொழியின் வழக்கொன்று துணைசெய்யும். அம்மொழியில் நகரம் பெண்பாலாகக் கருதப்படும். ஒரு பெரிய நகரத்தைச் சார்ந்த சிற்றூர்களை அந்நகரத்தின் புதல்வியர் என்றே கூறுவர். நாம் பேசிக்கொண்டிருக்கும் யோசுவாவின் பதினேழாம் அதிகாரத்திலேயே அச்சொல் அப்பொருளில் வருகின்றது. தமிழில் மொழிபெயர்த்தோர் அதைச் சிற்றூர் என்னுங் கருத்திலே தந்துள்ளனர். ஆகவே ஏப்பேர் என்னும் நாட்டைச் சார்ந்த ஐந்து ஊர்களையோ ஐந்து குடிகளையோ அவனுடைய வழிவந்த ஐந்து புதல்வியராகக் கூறும் மரபு இயல்பாகத் தோன்றியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை.

உறவுமுறைச் சொற்களாலே நிலத்தின் அமைப்பைக் கூறுவது அவர்களுடைய முறை. இரு குடிகள் அயலிலிருந்து ஒற்றுமைப்பட்டால் அவை சகோதரர் எனப்படும். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கினால் மகன் எனப்படும். நிலைமை மாறும்போது வமிசாவளியும் மாறும். அதற்குச் சான்றும் உண்டு. எண்ணாகமத்திற் சீகேமும் செமிதாவும் சகோதரர். நாளாகமத்தின் முதல் நூல் ஏழாம் அதிகாரத்திலோ செமிதாவின் மகன் சீகேம். அபியேசர் எண்ணாகமத்தின்படி மக்லாளுக்குப் பாட்டன் முறையினன். நாளாகமத்தில் அபியேசரும் மக்லாள் என்னும் அதே பெயரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகக் காணப்படுகின்றனர். நாளாகமம் மிகப் பிற்காலத்தில், பாரசீகர் ஆட்சிக்காலமளவில் தொகுக்கப்பட்ட நூல். அங்கேயும் செலொப்பியாத்துக்குப் புதல்வியர் இருந்தனர் என்னும் ஒரு வரி மட்டும் தவறாது வருகின்றது. மற்றெல்லா உறவும் இடம்மாறிய பின்னும் அச்செய்தி மாறவில்லை.

ஊர்ப்பெயர்களிலிருந்து கதை பிறந்ததா, பெண்களின் பெயரால் ஊர்கள் வழங்கினவா என்று இங்கே முடிவுகட்டவேண்டுவதில்லை. எவ்வாறு கொண்டாலும் ஒன்று தெளிவு. பெண் பெயரால் வழங்கிய நிலங்கள் அம்மலைநாட்டில் உண்மையாகவே இருந்தன. அந்நிலங்களுக்கு மனாசே கோத்திரத்தில் நியாயமான இடம் எவ்வாறு வந்தது என்று கேட்போருக்கு, ஐந்து புதல்வியர் சபைமுன் நின்று வென்ற வழக்கே விடையாகக் கூறப்பட்டது. வமிசாவளி என்னும் உலர்ந்த பட்டியலுக்குள் ஒரு காணியுரிமை பாதுகாக்கப்பட்டிருந்தது.

இறுதியாக, செலொப்பியாத்தின் பெயரைச் சூழ்ந்த மற்றொரு வழக்கைக் கூறவேண்டும். அது பிற்கால யூத அறிஞர்க்கிடையே எழுந்தது. எண்ணாகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் விறகு பொறுக்கி மரணதண்டனை பெற்ற ஒருவனின் செய்தி வருகின்றது. அவன் பெயர் கூறப்படவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அக்கிபா என்னும் பேராசான், அவ்விடத்திலும் செலொப்பியாத்தின் செய்தியிலும் வனாந்தரம் என்னுஞ் சொல் வருதலைக் காட்டி, அக்குற்றவாளி செலொப்பியாத்தே என்றார். அவர் காலத்து அறிஞராகிய பெதேராவின் மகன் யூதா என்பவர் அதனைப் பொறுக்கவில்லை. அக்கிபாவே, நீர் கூறியது மெய்யாயினும் பொய்யாயினும் நீர் கணக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று அவர் கண்டித்தார். மெய்யாயின், வேதமே மூடிவைத்த பெயரை நீர் வெளியிட்டீர். பொய்யாயின், குற்றமற்ற மனிதன்மேற் பழி சுமத்தினீர் என்பது அவர் வாதம். இச்செய்தி பாபிலோனியத் தல்மூது என்னும் நூலில், ஓய்வுநாள்பற்றிய பகுதியிற் காணப்படுகின்றது.

செலொப்பியாத் இறந்து எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்தபின், அவன் பெயருக்கு இழுக்கு வரலாகாது என்று ஓர் அறிஞர் வாதாடினார். முன்னர் அவனுடைய புதல்வியரும் அதற்காகவே வாதாடினர். எங்கள் தந்தை கோராகின் கூட்டத்தவர் அல்லர் என்று அவர்கள் முதலிற் கூறியதை நினைவிற் கொள்ளுங்கள்.

வனாந்தரத்தில் அந்தத் தலைமுறையினர் எண்ணற்றோர் மடிந்தனர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் நடுவே செலொப்பியாத் என்னும் ஒருவனுடைய பெயர் மட்டும் நிலைத்ததற்கு அவனுடைய செயல் எதுவுங் காரணமாக இருக்கவில்லை. அவனுக்குப்பின் வந்தோர் கேட்கவேண்டிய இடத்திற் கேட்டனர். ஒருமுறை கேட்டு அமையாது மறுமுறையுங் கேட்டனர். தந்தையின் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் சென்ற அவர்களுள் இருவரின் பெயர்கள் அரசனின் கணக்கு ஓடுகளிலும் ஏறிவிட்டன. ஆகவே அடுத்த முறை வேதத்தின் பெயர்ப் பட்டியல்களுக்கு வரும்போது, அப்பக்கங்களை விரைந்து புரட்டிவிடாதீர்கள். அங்குள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் யாரோ ஒருவரின் காணியும், அந்தக் காணிக்காக யாரோ பேசிய வழக்கும் இருக்கக்கூடும்.